இரைச்சல் நீக்கம்

இருநூற்றுப் பதினான்கு கேசட்.
பிஸ்கட் டின்னிலும் பழைய வேட்டியிலும் பொதிந்து
பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோனேன்.
செக்காலை ரோட்டில்
பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில்
ஜெசிந்தாவின் ஒலிக்கூடம்.
பூஞ்சை பிடித்த நாடாவைப் பஞ்சால் துடைத்து,
பென்சில் விட்டுச் சுற்றி,
ஒவ்வொன்றாகக் கணினிக்குள் இறக்கினாள்.
இணையத்தில் ஏற்றினால்
எந்த ஊரிலிருந்தும் கேட்கலாம் என்றாள்.
கம்பெனி வெளியிட்டவை ஒன்பதுதான்.
மற்றதெல்லாம்
மலாயாவிலிருந்து வந்த பானாசோனிக் பெட்டிகள்
கல்யாண வீடுகளில் சும்மா கேட்டுவைத்தவை.

முதல் கோப்பைச் சுத்தம் செய்து போட்டுக்காட்டினாள்.
என் தோடி, கழுவிக் கவிழ்த்த எவர்சில்வர் மாதிரி.
விரல் மாறுவதைக்கூட எண்ணலாம்.
ஆனாலும் ஓர் உதறல்,
கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் நிற்பதுபோல.
'இதில் வெள்ளைக்கண்ணு எங்கே?' என்றேன்.
'யாரு சார்?'
'ஒத்து.'
திரையின் அடியில் ஒரு பட்டையைக் காட்டினாள்.
'விடாம ஒரே அளவுல ஓடுது பாருங்க,
ஃபேன் சத்தம்னு நினைச்சு
மெஷின் எடுத்துருச்சு.'

மெஷினைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.
ஒன்பது அட்டையிலும் அவன் பெயர் கிடையாது;
நானும் கேட்கவில்லை.
எனக்கு நானூறு, தவிலுக்கு முந்நூறு,
அவனுக்கு நாற்பதும் ஒரு துண்டும்.
முப்பத்தொரு வருஷம்
என் இடது தோளுக்குப் பின்னால்
மூக்கால் இழுத்துக் கன்னத்தில் தேக்கி
இடைவெளி தெரியாமல் ஒற்றை ஷட்ஜம்.
திரும்பிப் பார்த்ததாக நினைவில்லை.
இருக்கிறானா என்று
யாராவது திரும்பிப் பார்ப்பார்களா, தரையை?

'திருப்பி வை' என்றேன். வைத்தாள்.

நூற்று நாற்பத்தாறாம் நாடா.
கானாடுகாத்தான், சாந்திக் கல்யாணம்,
ஆவணி எண்பத்து மூணு.
பாதி ஆலாபனையில் என் நாயனம் அறுந்துபோகிறது.
ஞாபகம் வந்துவிட்டது.
பேசின தொகையில் கணக்கப்பிள்ளை ஐம்பதைக் குறைத்த சேதி
காதுக்கு எட்ட,
எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய்க் கத்தினேன்.
தவில்காரரும் கூட வந்தார்.
தாளக்காரப் பையன் காப்பிக்குப் போனான்.
அவனிடம் நிறுத்தச் சொல்ல
யாருக்கும் தோன்றவில்லை.

பதினோரு நிமிஷம்.
வளவில் மழை, தகரத் தூம்பில் இறங்குகிறது.
பந்திக்கு இலை உதறுகிறார்கள்.
ஒரு குழந்தை வீறிட்டு ஓய்கிறது.
'கும்மாயம் பத்தாது ஆச்சி' என்கிறது யாரோ.
எல்லாவற்றுக்கும் அடியில் அந்தச் சுரம்,
கிணற்றுக்குள் ஆளை இறக்கிவிட்டவன்
கயிற்றை விடாமல் பிடித்திருப்பதுபோல.

பிறகு என் நாயனம் மறுபடி,
மயிரிழை பிசகாமல்.
'எங்க விட்டாரோ அங்கேயே பிடிச்சாரு பாத்தீகளா?'
நாடாவில் ஒரு செட்டியாரின் குரல்.
அந்தச் சொல்லைத்தான்
நாற்பது வருஷமாக
பொன்னாடை மாதிரி போர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஜெசிந்தா விவரம் தட்டச்சு செய்தாள்.
ஒத்து: வெள்ளைக்கண்ணு.
'இனிஷியல் சார்?'
தெரியவில்லை.

கோட்டையூர் ரேஷன் கடையில்
எடை போடுகிறாள் அவன் மகள் தங்கப்பொண்ணு.
'ச. தாத்தா பேரு சன்னாசி' என்றாள்,
தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.
பிறகு கேட்டாள்:
'அப்பா பேசுனது எதுலயாச்சும் இருக்கா?'

இருநூற்றுப் பதினான்கிலும் இல்லை.
நாங்கள் 'பலே' போட்டிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம்,
வெற்றிலை கேட்டிருக்கிறோம்.
அவன் வாய் எப்போதும் வேலையில் இருந்தது.

அந்தப் பதினோரு நிமிஷத்தை
என் ஃபோனில் போட்டுக் கொடுத்தேன்.
அழைப்பு வந்ததுபோல்
காதோடு வைத்துக்கொண்டாள்.
வரிசையில் சாக்குப் பையோடு ஆட்கள்.
'என்னம்மா, சீனி உண்டா இல்லையா?'
கை அமர்த்தினாள்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள்.
அப்புறம் 'ம்' என்றாள்.
கொஞ்சம் விட்டு,
மறுபடி, 'ம்'.